மருந்து விசிறுவோரின் உடலில் நடப்பது என்ன?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வீதியும், குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குப் போகும் வீதியும் தம்புள்ளையில் சந்திக்கின்றன. 1999ஆம் ஆண்டு இங்கே திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவு பகல் என்றில்லாமல் லொறிகள் வந்து போகின்றன. நுவரெலியா கரட்டும் வடக்கிலிருந்து வரும் மரக்கறியும் இங்கேதான் கைமாறுகின்றன. மாத்தளை மாவட்டம் மத்திய மாகாணத்தைச் சேர்ந்ததாயினும் அதன் வடபகுதி உலர்வலயம். கண்டலம போன்ற குளங்களை நம்பியும் கிணற்று நீரை இறைத்தும் சிறுபோகத்தில் பெரிய வெங்காயம் செய்கிறார்கள். கத்தரி, மிளகாய், பயற்றங்காய், பூசணி என்று மற்றப் பயிர்களும் உண்டு.

மூட்டைகளின் விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த மூட்டைக்குப் பின்னால் நிற்கும் மனிதரின் உடம்பைப் பற்றிப் பேசுவது குறைவு. வெங்காயத் தாளில் பனிப்பூச்சி கண்டாலும் கத்தரியில் புழு துளைத்தாலும் அவர் தெளிகருவியை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்குகிறார். வீடு திரும்பும்போது தலை இடிக்கிறது, கண்ணால் நீர் வடிகிறது, நெஞ்சு இறுக்கமாயிருக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது. "வெயில் பட்டுவிட்டது" என்று சொல்லி ஒரு தேநீரோடு படுத்துக்கொள்கிறார். வெயிலாக இருக்கலாம், வெயிலாக இல்லாமலும் இருக்கலாம். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, உடம்பு தன்னைத் தானே எப்படி ஆளுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

எம் உடலுக்கு இரண்டு ஆளுகை முறைகள் உண்டு. ஒன்று நரம்புத் தொகுதி. மற்றது ஓமோன்களைச் சுரக்கும் சுரப்பிகளின் தொகுதி. பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு கடைக்காரர் இன்னொருவரோடு தொலைபேசியில் பேசுவதைப் போன்றது நரம்பின் வேலை. குறித்த ஓரிடத்திலிருந்து குறித்த ஓரிடத்துக்குச் செய்தி போகிறது. மிக விரைவான நரம்புகளில் அது வினாடிக்கு 100 மீற்றருக்கும் மேலாக ஓடும். ஓமோன் அப்படியல்ல. அது ஒலிபெருக்கியில் செய்யும் அறிவித்தல். இரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகிறது. எல்லோர் காதிலும் விழுந்தாலும் தன் லொறி இலக்கத்தைக் கேட்ட சாரதி மட்டும் எழும்புவதைப் போல, அந்த ஓமோனை ஏற்கும் வாங்கிகள் உள்ள கலங்கள் மட்டும் அதற்குச் செயற்படுகின்றன. இது மெதுவானது, ஆனால் நெடுநேரம் நிற்கும். "ஓமோன்" என்ற சொல்லை 1905ஆம் ஆண்டு ஸ்ரார்லிங் என்ற ஆங்கிலேய அறிஞர் வழங்கினார். தூண்டிவிடுதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது.

இரண்டும் தனித்தனியே இயங்குவதில்லை. உச்சி வெயிலில் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்குபவரைப் பாருங்கள். மூளையின் அடியில் பரிவகக்கீழ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. இரத்தம் சூடேறுவதை அது அறிந்து, நரம்புகள் வழியாக வியர்வைச் சுரப்பிகளைத் திறந்துவிடுகிறது. வியர்வையோடு நீர் போகப் போக இரத்தம் செறிவடைகிறது. அதையும் இதே பகுதியே கண்டுகொள்கிறது. இப்போது அங்குள்ள நரம்புக் கலங்களே ஓர் ஓமோனை உண்டாக்கி, கபச்சுரப்பி வழியாக இரத்தத்தில் விடுகின்றன. சிறுநீரகம் நீரை மிச்சம் பிடிக்கத் தொடங்குகிறது. சிறுநீர் குறைந்து மஞ்சளாகிறது. கூடவே தாகமும் எடுக்கிறது. அவர் வரம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால், அந்த நீர் இரத்தத்தில் முழுவதும் சேருமுன்பே தாகம் அடங்கத் தொடங்குகிறது. ஓமோனின் அளவும் சிறிது நேரத்தில் இறங்குகிறது. (சிறுநீரக நோய் பரவியுள்ள உலர்வலயத்தில் வேலைக்குப் போகும்போது நல்ல தண்ணீர் கொண்டுபோவது எவ்வளவு முக்கியம் என்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.)

இங்கே நாம் கவனிக்க வேண்டியது கடைசியாகச் சொன்னதைத்தான். செய்தி போனது மட்டுமல்ல, வேலை முடிந்ததும் அது நின்றது. குளத்து மதகைத் திறக்கத் தெரிந்தால் போதாது. நேரத்துக்கு அடைக்கவும் வேண்டும். நிறுத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு எம் மூத்தவர்கள் அறிந்த உதாரணம் ஒன்றுண்டு: கழுத்துக் கழலை. தைரொயிட் சுரப்பி தன் ஓமோனைச் செய்வதற்கு அயடீன் வேண்டும். இரத்தத்தில் அந்த ஓமோன் போதியளவு இருந்தால் கபச்சுரப்பி தன் தூண்டுதலைக் குறைத்துக்கொள்ளும். உணவில் அயடீன் இல்லாவிட்டால் ஓமோன் வராது. ஓமோன் வராததால் "இன்னும் செய், இன்னும் செய்" என்ற கட்டளை ஓயாது. பாவம், தைரொயிட் சுரப்பி வேலை செய்ய முயன்று முயன்று வீங்கிவிடுகிறது. இலங்கையில் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் சட்டமாக்கப்பட்டது. இன்று கழலையுள்ள பிள்ளைகளை முன்போல் காணாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கழலை வளர மாதங்களும் வருடங்களும் எடுக்கும். நரம்பில் நிறுத்தம் தவறினால் நிமிடங்களில் ஆபத்து.

தவளையின் இதயம் சொன்னது

நரம்பு மின்சாரக் கம்பியைப் போன்றது என்றே நெடுங்காலம் பலர் எண்ணினார்கள். 1921இல் ஒஸ்திரியாவில் ஒட்டோ லோவி என்பவர் ஓர் எளிய பரிசோதனை செய்தார். அதற்கான எண்ணம் தமக்குக் கனவில் வந்ததென்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவாகியது. அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து, நரம்பு தூண்டப்படாத இன்னோர் இதயத்தில் விட்டார்; அதுவும் மெதுவாகியது. ஆகவே நரம்பின் நுனியிலிருந்து ஏதோ ஓர் இரசாயனம் வெளியேறியிருக்க வேண்டும். பின்னர் அது அசற்றைல்கோலின் என்று உறுதியானது. இத்துறையில் உழைத்த ஹென்றி டேலுக்கும் லோவிக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பும் இறுதியில் ஓமோனைப் போல ஒரு திரவத் தூதுவனைக்கொண்டே பேசுகிறது. தூரம்தான் மிகமிகக் குறைவு.

நாம் கை அசைப்பது, மூச்சு இழுப்பது, உமிழ்நீர் ஊறுவது, குடல் அசைவது, கண்மணி சுருங்குவது எல்லாவற்றிலும் அசற்றைல்கோலினுக்குப் பங்குண்டு. அது வெளியேறிச் செய்தியைச் சேர்த்த கணமே அதைத் துண்டாடி அகற்றுவதற்கென்று கோலினெஸ்ரரேஸ் என்ற நொதியம் காத்திருக்கிறது. இந்த நொதியத்தின் ஒரேயொரு மூலக்கூறு ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான தூதுவர்களைத் துண்டாடக்கூடியது. கரும்பலகையை ஒருவர் எழுத எழுத இன்னொருவர் உடனே துடைத்துக்கொண்டிருந்தால்தானே அடுத்த வரியை எழுதலாம்? துடைப்பவர் இவர்தான்.

ஓகனோபொஸ்பேற் என்ற குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிகொல்லிகள் பிடிப்பது இவரைத்தான். பூச்சிக்கும் அதே தூதுவன், அதே நொதியம். அதனால்தான் பூச்சி சாகிறது. பூச்சியின் நொதியத்துக்கும் எம்முடையதற்கும் நஞ்சு பெரிதாக வேறுபாடு பார்ப்பதில்லை. 1936இன் இறுதியில் ஜேர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற இரசாயனவியலாளர் புதிய பூச்சிகொல்லிகளைத் தேடும்போது இக்குடும்பத்தில் கண்ட ஒரு பொருள் போர்க்கால நச்சு வாயுவாகிவிட்டது. போத்தலில் ஒட்டியிருக்கும் பூச்சிப் படத்தைப் பார்த்து, இது பூச்சிக்கு மட்டுந்தான் என்று எண்ணுபவர்கள் இந்த உறவை அறிந்திருப்பது நல்லது.

நொதியம் முடங்கியதும் தூதுவன் குவிகிறான். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் எல்லா வேலைகளும் ஒன்றாக நடக்கின்றன. கண்ணீர், உமிழ்நீர், வியர்வை பெருகுகின்றன. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கிப் பார்வை மங்குகிறது. வாந்தி, வயிற்றோட்டம் வருகின்றன. சுவாசக் குழாய்களில் சளிநீர் நிறைந்து மூச்சு இரைகிறது. தசைகள் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிக்கின்றன. இதயம் மெதுவாகலாம். ஆனால் சிலரில் வேகமாகவும் ஓடும். அதற்கும் காரணம் உண்டு. சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரினல் சுரப்பிக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பும் அசற்றைல்கோலினையே பயன்படுத்துகிறது. தூதுவன் அங்கே குவிந்தால் அதிரினலீன் ஓமோனும் இரத்தத்தில் கொட்டுகிறது. இரத்தத்தில் சீனியும் ஏறுகிறது. நரம்பில் தொடங்கிய குழப்பம் ஓமோனிலும் போய் முடிகிறது.

வெயிலால் வரும் களைப்பிலும் வியர்வை உண்டு, தலையிடி உண்டு, குமட்டல் உண்டு. ஆனால் வெயிலில் வாடியவருக்கு வாய் உலரும். மருந்து பட்டவருக்கு வாயூறும், கண் வடியும், கண்மணி சிறுக்கும், தசை துடிக்கும். விசிறிய அன்று இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வெயிலின் மேல் பழியைப் போட வேண்டாம்.

நஞ்சு வாயால் மட்டும் புகும் என்று எண்ணுவது பெருந்தவறு. இக்குடும்பத்து மருந்துகள் தோலின் ஊடாக நன்றாகப் புகும். வியர்த்த தோலில் இன்னும் எளிது. மூடி இறுகாத தெளிகருவியிலிருந்து முதுகில் வழிவதும், நனைந்த சாரத்தோடு மாலைவரை நிற்பதும், அடைத்த நுனியை வாயால் ஊதுவதும், கழுவாத கையால் வெற்றிலை மடிப்பதும் நாம் அன்றாடம் காண்பவை. கலக்கும்போதுதான் செறிந்த மருந்து கையில் படுகிறது என்பதால், விசிறுவதிலும் கலப்பதில் கவனம் கூட வேண்டும். உலர்வலய வெப்பத்தில் றப்பர் உடுப்பும் முகமூடியும் அணிந்து வேலை செய்யுங்கள் என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சிடுவது எளிது. அதை அச்சிட்டவர்கள் ஒருநாள் அப்படி நின்று பார்த்தால் தெரியும். ஆனாலும் நீண்ட கைச் சட்டை, கையுறை, காலைக் குளிரில் காற்றோடு சேர்ந்து நடந்து விசிறுதல், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து உடுப்பைப் புறம்பாகத் தோய்த்தல் ஆகியவை இயலாத காரியங்கள் அல்ல.

பேராதனையில் கண்டது

1982இல் பேராசிரியர் ஜே. ஜெயரட்ணமும் உடனுழைத்தவர்களும் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் இலங்கையைப் பற்றிய கணிப்பொன்றை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சால் வைத்தியசாலைகளில் சேர்க்கப்படுகிறார்கள், அவர்களில் ஏறத்தாழ 1,000 பேர் இறக்கிறார்கள் என்றது அது. நூற்றுக்கு 25 அளவானோர் வேலையாலோ விபத்தாலோ நஞ்சுண்டவர்கள். பெரும்பான்மையோர் மனத்துயரில் தாமே அருந்தியவர்கள்.

அக்காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ ஆசிரியர்களான நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகிய இருவரும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். நஞ்சுண்டவர் சிகிச்சையால் தேறுகிறார். வாயூறல் நிற்கிறது, கண் தெளிகிறது, பேசுகிறார். உறவினர் ஆறுதலடைகிறார்கள். பின்னர் இரண்டாம், மூன்றாம், நான்காம் நாளில் அவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. தோளும் தொடையும் சோர்கின்றன. அடுத்துச் சுவாசத் தசைகள் சோர்கின்றன. இப்படியான பத்து நோயாளர்களைப் பற்றி 1987இல் அவர்கள் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகையொன்றில் எழுதினார்கள். நஞ்சுண்டு 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் இந்தச் சோர்வு தொடங்கியது. சிலரில் 18 நாள்வரை நீடித்தது. நால்வருக்கு அவசரமாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. மூவர் இறந்தார்கள். முதல்நாள் வரும் நெருக்கடிக்கும், வாரங்கள் கழித்து வரக்கூடிய நரம்புச் சேதத்துக்கும் நடுவில் வருவதால் இதை இடைநிலை நோய்க்குறித் தொகுதி என்றார்கள். உலகெங்கும் மருத்துவ நூல்களில் இன்றும் அப்பெயரே வழங்குகிறது. தம்புள்ளையிலிருந்து கண்டி வீதியில் சில மணி நேரப் பயணத்தில் உள்ள இடத்தில் பிறந்த அறிவு இது.

தேறியவர் ஏன் மறுபடி விழுகிறார்? முதல்நாள் கொடுக்கும் அத்ரோபின் என்ற மருந்து, சுரப்பிகளிலும் இதயத்திலும் சுவாசக் குழாயிலும் தூதுவன் உட்காரும் இடங்களை மறிக்கிறது. வைத்தியர் நெஞ்சுச் சளி நிற்கும்வரை, அக்குள் உலரும்வரை அளவைக் கூட்டிக்கொண்டு போவார். ஆனால் கை, கால், கழுத்து, விலாத் தசைகளில் உள்ள வாங்கிகள் வேறு வகையானவை; அவற்றை அத்ரோபின் தொடுவதில்லை. அங்கே ஓயாத கட்டளையால் தசைக்கும் நரம்புக்கும் இடையிலான தொடர்பு செயலிழந்துபோகிறது. முடங்கிய நொதியத்தை விடுவிக்கும் என்று நம்பப்பட்ட பிரலிடொக்சீம் மருந்தை இலங்கையில் 235 நோயாளர்களிடம் முறைப்படி சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பயன் தெரியவில்லை. மருந்து பெற்ற பிரிவில் இறப்பு சற்று அதிகமாகவே இருந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றார்கள். ஆக இந்த நிலையில் உயிரைக் காப்பது பெரும்பாலும் சுவாசக் கருவியும், விழித்திருந்து பார்க்கும் தாதியின் கண்ணும்தான்.

இதிலிருந்து வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். "சுகமாகிவிட்டது, வீட்டில் அறுவடை நிற்கிறது" என்று இரண்டாம் நாளே துண்டு வெட்டிக்கொண்டு போக அவசரப்படாதீர்கள். வைத்தியர் நான்கு நாள் இருக்கச் சொன்னால் அதில் பொருளுண்டு. வார்ட்டில் துணைக்கு இருப்பவர், படுத்திருக்கும் நோயாளரைத் தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். நேற்றுத் தூக்கியவர் இன்று முடியாமல் இருந்தால், அல்லது குரல் மூக்கால் வந்தால், உடனே தாதிக்குச் சொல்லுங்கள்.

வைத்தியசாலைக்குப் போகுமுன் செய்ய வேண்டியது அதிகமில்லை. நனைந்த உடுப்பைக் கழற்றி, தோலைச் சவர்க்காரத்தாலும் நிறைந்த நீராலும் கழுவுங்கள். கழுவுபவர் கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுக்கொள்ள வேண்டும். மயக்கமானால் ஒருபக்கமாகக் கிடத்துங்கள். விரலை விட்டோ சவர்க்கார நீர் பருக்கியோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தோடு மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களும் கலந்திருக்கும். அது நுரையீரலுக்குள் போனால் இரட்டை ஆபத்து. ஊமத்தையில் அத்ரோபினுக்கு உறவான சரக்கு இருப்பது உண்மை. அதை நம்பி வீட்டில் ஊமத்தை அரைத்துக் கொடுப்பது கொலைக்குச் சமம். போத்தலையோ அதன் சுட்டித்துண்டையோ கையோடு கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

தடைகளும் மிச்சமும்

பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகிய கடும் நஞ்சுகள் நிறுத்தப்பட்டன. அவற்றின் இடத்துக்கு எண்டோசல்பான் வந்தது. அது வேறு குடும்பம். மூளைக்குள் நரம்புகளை அடக்கிவைக்கும் தூதுவனின் வாயைக் கட்டி, ஓயாத வலிப்பை உண்டாக்கியது. 1998இல் அதுவும் தடைப்பட்டது. டைமெதோயேற், பென்தியன் ஆகியவை 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம் 2005 அளவில் பாதியாகியது. 1986 முதல் 1995 வரையான பத்தாண்டுகளோடு ஒப்பிட்டால், அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 19,800 மரணங்கள் குறைந்தன என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். மனத்துயர் அந்த வேகத்தில் குறைந்ததென்று யாரும் சொல்லவில்லை. துயரத்தின் ஒரு கணத்தில் கைக்கெட்டிய பொருளின் கொடுமை குறைந்தது. அந்தக் கணம் கடந்தவர்களில் மிகப் பலர் இன்றும் தம் பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். வீட்டில் மருந்துப் போத்தலைப் பூட்டி வைப்பதும், வாடியிருக்கும் அயலவரோடு நேரமெடுத்துப் பேசுவதும் நாம் செய்யக்கூடியவை.

ஆனாலும் கோலினெஸ்ரரேஸை முடக்கும் மருந்துகள் எல்லாம் ஒழிந்துவிடவில்லை. இன்னுமொன்று கணக்கில் எடுக்கப்படுவதேயில்லை. முடங்கிய நொதியத்தில் ஒரு பகுதி திரும்ப எழும்பாது. உடம்பு புதிதாகச் செய்தே ஈடுகட்ட வேண்டும். அதற்கு வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். தன் காணிக்கு மட்டும் விசிறுபவருக்கு இடைவேளை கிடைக்கிறது. நாட்கூலிக்கு இன்று ஒரு காணி, நாளை இன்னொரு காணி என்று விசிறுபவருக்கு அது கிடைப்பதில்லை. சிறுசிறு அளவாகச் சேர்ந்து அவருடைய நொதியம் இறங்கியிருக்கும்போது, மற்றவருக்குத் தலையிடி மட்டும் தரும் அதே அளவு அவரை விழுத்திவிடும். சிறுபோகம் தொடங்குமுன் கமக்காரர் அமைப்புகள் கூடி நீர் விடும் நாளைத் தீர்மானிக்கின்றன. அதே கூட்டத்தில், யார் எத்தனை நாள் மருந்து விசிறுவது, விசிறாத நாட்களில் அவருக்குக் களை பிடுங்கவோ நாற்று நடவோ அதே கூலியில் வேலை கொடுப்பது யார் என்பதையும் தீர்மானித்துக் கொள்ளலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.